தலையணை உறையில் எழுத்து போடுவதற்கு முன்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

போன மாசியில் ஒரு கல்யாண வீட்டுக்கு ஆறு தலையணை உறைகளில் எம்பிராய்டரி போட்டுக் கொடுத்தோம். பெண் பெயர் ‘பா’வில் தொடங்கும், மாப்பிள்ளை பெயர் ‘வி’யில். இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் மெரூன் நூலில் போட்டு, இஸ்திரி செய்து அனுப்பியாயிற்று. சீர்வரிசையைப் பிரித்த பாட்டி எழுத்துக் கூட்டி, கூடத்துக்கே கேட்கிற மாதிரி வாசித்தார்: “பாவி.”

ஆறு உறையையும் காசு வாங்காமல் மாற்றிக் கொடுத்தோம். அன்றிலிருந்து எழுத்தை வரைந்து, வாட்ஸ்அப்பில் அனுப்பி, நீங்கள் வாய்விட்டுப் படித்து ‘சரி’ என்று பதில் போட்ட பிறகுதான் மெஷினில் ஏற்றுகிறோம். “இதற்கு எதற்கு இத்தனை கேள்வி?” என்று கேட்டவர்களுக்காகத்தான் இந்த மடல்.

இணையத்தில் பார்த்த படத்தைக் காட்டி மூன்று எழுத்து கேட்கிறார்கள். அது மேல்நாட்டு வழக்கம். நடுவில் பெரிதாக இருப்பது குடும்பப் பெயரின் எழுத்து. நமக்கு முன்னால் வருவது அப்பா பெயரின் எழுத்து. அதை நடுவில் பெரிதாகப் போட்டால் கட்டிலில் மாமனார் உட்கார்ந்திருப்பது போல ஆகிவிடும்! கல்யாணமான பெண்கள் அப்பா எழுத்தா, கணவர் எழுத்தா என்று எங்களையே கேட்கிறார்கள். அந்தப் பஞ்சாயத்துக்கு நாங்கள் வரவில்லை. அவரவர் பெயரின் முதல் எழுத்து ஒன்றே போதும் என்பது எங்கள் எண்ணம்.

தமிழ் எழுத்து நூலில் நன்றாகவே வரும், ஆனால் இடம் வேண்டும். ‘இ’, ‘ஜ’ போன்றவற்றைச் சின்னதாகப் போட்டால் சுழிக்குள் நூல் அடைத்து, எழுத்து புள்ளியாகிவிடும். அதனால் ஓர் அங்குல உயரத்துக்குக் கீழே தமிழில் போடுவதில்லை. ‘கோ’, ‘சௌ’ போல இரண்டு பக்கமும் விரியும் எழுத்துக்கு அகலமும் கூடும். முழுப்பெயர் என்றால் ‘ன’வா ‘ண’வா, ‘ர’வா ‘ற’வா என்று நீங்களே எழுதி அனுப்புங்கள். போனில் சொன்னால் எங்கள் காதை நம்ப முடியாது.

புதுத் துணியை அப்படியே தைக்காமல் ஒரு தடவை நனைத்துக் காய வைக்கிறோம். பருத்தி சுருங்கும், நாங்கள் போடும் பாலியஸ்டர் நூல் சுருங்காது. நனைக்காமல் தைத்தால் முதல் சலவையிலேயே எழுத்தைச் சுற்றிச் சுருக்கம் விழுந்துவிடும். தாமதம் பாதி இதனால்தான். டர்க்கி டவலில் வளையம் வளையமாக நிற்கும் பூ நூல் எழுத்துக்கு நடுவே எட்டிப் பார்க்கும் என்பதால் மேலே ஒரு மெல்லிய தாளை வைத்துத் தைக்கிறோம். அது தண்ணீரில் கரைந்துவிடும். புது டவலில் ஓரிடத்தில் பிசுபிசுப்பு இருந்தால் பயப்பட வேண்டாம், அலசினால் போய்விடும்.

உறையின் நடுவில் போடச் சொல்லாதீர்கள். காலையில் எழுந்தால் கன்னத்தில் எழுத்து பதிந்திருக்கும். தலையணையை நுழைக்கிற வாய்ப்பக்க ஓரம்தான் சரி.

அப்புறம் ஒன்று: ‘சரி’ சொன்ன பிறகு தைத்ததைத் திரும்ப எடுக்க முடியாது. பிரித்தால் ஊசி போன தடம் துணியில் நிற்கும், வேறு யாருக்கும் விற்கவும் முடியாது. தப்பு எங்களுடையது என்றால் வேறு துணியில் போட்டுத் தருவோம். சீர்வரிசைக்கு வேண்டும் என்றால் முகூர்த்தத்துக்கு மூன்று வாரம் முன்பே சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
கடையிலிருந்து