திருமண ஆராதனையில் கிட்டார் இசை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வேலூர், காட்பாடி, இராணிப்பேட்டை வட்டார ஆலயங்களில் திருமணம் வைத்திருப்பவர்களில், கீபோர்டை விடுத்துக் கிளாசிக்கல் கிட்டார் கலைஞரை அழைக்க விரும்புவோருக்காக இதை எழுதுகிறேன். நல்ல விருப்பம்தான், ஆனால் நைலான் தந்திகளை விரல் நகத்தால் மீட்டும் இவ்வாத்தியம் இயல்பிலேயே மெல்லொலி உடையது என்பதை மனத்தில் கொண்டே பாடல்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

மணமகள் பவனிக்கு வழக்கமாகக் கேட்கப்படும், 1850இல் அரங்கேறிய வாக்னரின் ஓப்பெராவில் (இசை நாடகத்தில்) வரும் மணப்பாடல் கிட்டாரில் மெலிந்து ஒலிக்கும். அதைவிட, பாகெல்பெல்லின் கானன் (ஒரே மெட்டைப் பல வாத்தியங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரும் இசை) மிகவும் பொருத்தம். எட்டே சுரங்கள் கொண்ட அதன் அடிநாதம் 28 முறை திரும்பத் திரும்ப வருவதால், மணமகள் வாசலில் தாமதித்தால் நீட்டிக்கொள்ளலாம், விரைவில் பீடத்தை அடைந்துவிட்டால் அந்தச் சுற்றோடு நிறுத்திவிடலாம். பாக் 1723இல் அமைத்த 147ஆம் கண்டாட்டாவின் (ஆராதனைக்கான பாடல் இசைக்கோவை) கோரல் எனும் பாமாலை இசையும் அப்படியே பவனிக்கு இசைந்து வரும்.

பதிவேட்டில் கையெழுத்திடும் நேரத்தில் சபையார் பேசத் தொடங்கிவிடுவார்கள், குழந்தைகள் எழுந்து ஓடுவார்கள். ஸ்பானிய கிட்டார் கலைஞர் தார்ரேகாவின் ‘அல்ஹாம்ப்ரா நினைவுகள்’ போன்ற நுண்ணிய டிரெமோலோ (ஒரே தந்தியை விரல்கள் மாறி மாறி விரைந்து மீட்டும் முறை) அப்போது எடுபடாது; எல்லோருக்கும் தெரிந்த ஒரு கீர்த்தனை மெட்டை நிதானமாக வாசிக்கச் சொல்வதே என் பரிந்துரை. சபையார் சேர்ந்து பாடும் பாமாலைப் பாட்டுகளை மட்டும் ஆர்கனுக்கோ கீபோர்டுக்கோ விட்டுவிடுங்கள்; முந்நூறு பேர் குரலுக்கு ஒற்றைக் கிட்டார் ஈடுகொடுக்க இயலாது. எதை எப்போது வாசிப்பது என்பதைப் போதகரிடம் முன்கூட்டியே காட்டி ஒப்புதல் பெறுவதும் அவசியம்.

நம் ஊர் மே மாத வெயிலில் குளிரூட்டிய காரிலிருந்து இறக்கியவுடன் நைலான் தந்திகள் சுருதி விலகும். ஆகவே கலைஞர் அரைமணி நேரம் முன்னதாகவே ஆலயத்துக்குள் வந்து அமர இடம் செய்து தர வேண்டும்.

மைக் செட் அமைப்போருக்கும் ஒரு வேண்டுகோள். ஒலித்துளைக்கு நேர் எதிரே மைக்கை வைத்தால் அடித்தந்திகளின் முழக்கம் மற்றவற்றை அமுக்கிவிடும். கழுத்துப் பகுதி உடலோடு சேரும் இடத்தை நோக்கிச் சற்றுத் தள்ளி வையுங்கள். கலைஞரின் தலைக்கு மேல் சுழலும் மின்விசிறியைப் பவனி முடியும்வரையாவது நிறுத்தி வையுங்கள்.

இப்படிக்கு,
வாசகர்,
காட்பாடி, வேலூர் மாவட்டம்.