பதில் கடிதங்கள் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் அமெரிக்காவின் வட மாநிலங்களும் தென் மாநிலங்களும் மோதிய உள்நாட்டுப் போர்க் காலத்துச் (1861–65) சிப்பாய்களின் கடிதங்களைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். முப்பத்திரண்டு வருடம் தபால்காரனாக நடந்தவன். கடிதம் என்றால் என் கண் முதலில் உறைக்குத்தான் போகும். அதனால் ஒரு திருத்தமும் ஒரு மனக்குறையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

மேஜர் சல்லிவன் பலூ 1861 ஜூலை 14 அன்று வாஷிங்டன் முகாமிலிருந்து மனைவி சாராவுக்கு எழுதிய கடிதம் தபாலில் வந்து சேர்ந்ததாகக் கட்டுரையில் இருக்கிறது. அது தபாலுக்கே போகவில்லை. ஒரு வாரத்தில் புல் ரன் போர்க்களத்தில் குண்டு பட்டு அவருக்குக் கால் போயிற்று; அடுத்த சில நாளில் உயிரும் போயிற்று. வயது 32, இரண்டு பையன்கள். கடிதம் அவருடைய டிரங்குப் பெட்டியில் கிடந்து, பிறகுதான் வீடு வந்தது. மூலப் பிரதி கிடைக்கவில்லை, நகல்கள்தான் இருக்கின்றன. சாரா மறுமணம் செய்துகொள்ளாமல் 1917 வரை வாழ்ந்தார்.

சரி, இது சின்னத் திருத்தம். மனக்குறை வேறு. கட்டுரை முழுக்கச் சிப்பாய் எழுதியதுதான். வீட்டிலிருந்து அவனுக்குப் போனது? சிப்பாய் எழுதியதை வீட்டில் பெட்டியில் போட்டுப் பூட்டி வைத்தார்கள், தங்கியது. வீட்டுக் கடிதத்தை அவன் எங்கே வைப்பான்? முதுகுப் பையில் மழையில் ஊறும், இல்லையென்றால் எதிரி கையில் சிக்கக் கூடாதென்று அவனே எரித்துவிடுவான். அதனால் பாதிப் பேச்சைத்தான் இன்று படிக்கிறோம். 'நீ கேட்டிருந்தாயே' என்று அவன் எழுதுகிறான். அவள் கேட்டது என்னவென்று நமக்குத் தெரியாது.

தபால் பக்கமும் கட்டுரையில் கொஞ்சம் வந்திருக்கலாம். தபால் தலைக்கு வழியில்லாத சிப்பாய், உறை மேல் 'சிப்பாய்க் கடிதம்' என்று குறித்து அனுப்பலாம். தபால் கட்டணமான 3 சென்ட்டைக் கடிதம் வாங்குகிறவர் கட்டுவார். நகரங்களில் வீட்டு வாசலுக்கே இலவசமாகக் கடிதம் கொண்டுபோய்க் கொடுப்பது 1863 ஜூலையில்தான் தொடங்கியது. அதற்கு முன் அஞ்சலகத்துக்கு நடந்துபோய், மகனிடமிருந்து ஏதாவது வந்திருக்கிறதா என்று வரிசையில் நிற்க வேண்டும். சம்பளப் பணத்தை வீட்டுக்கு அனுப்ப மணியார்டர் வந்தது 1864-ல்.

கட்டுரையில் ஒரு வரிகூட வராத ஆள் ஸ்பாட்ஸ்வுட் ரைஸ். மிசௌரியில் புகையிலைத் தொழிலில் அடிமையாக இருந்தவர். வட தரப்பின் கறுப்பினப் படையில் சேர்ந்தார். 1864 செப்டம்பரில் செயின்ட் லூயிஸ் ராணுவ மருத்துவமனையிலிருந்து, இன்னும் அடிமையாகவே இருந்த தன் மகள்களுக்கு எழுதினார்: என் உயிர் போனாலும் சரி, உங்களை மீட்காமல் விடமாட்டேன் என்று. ஒரு மகளின் எஜமானிக்கும் தனியாக ஒரு கடிதம், அதில் நேரடியான எச்சரிக்கை. எஜமானிக்குத் தம்பியோ அண்ணனோ, டிக்ஸ் என்பவர், இந்தத் திமிரைப் பாருங்கள் என்று இரண்டையும் படைத்தளபதிக்குப் புகாராக அனுப்பிவைத்தார். புகார்க் கட்டில் போனதால் கடிதங்கள் அரசு ஆவணத்தில் தப்பின! குடும்பம் பின்னால் ஒன்று சேர்ந்தது. மகள் மேரி தன் 85-ஆம் வயதில், 1937-ல், அரசு எடுத்த பேட்டியில் அப்பாவைப் பற்றிப் பேசியிருக்கிறார்.

இதையெல்லாம் இவ்வளவு அக்கறையாக எழுதக் காரணம் உண்டு. வேலூர்ப் பக்கம் என் பீட்டில், அதாவது நான் கடிதம் கொடுக்கும் சுற்றில், பாதி வீடு பட்டாளத்து வீடு. '56 ஏ.பி.ஓ.' என்ற ராணுவ அஞ்சலக முகவரிக்குப் போகும் இன்லேண்ட் லெட்டர்களில் பலவற்றைத் திண்ணையில் உட்கார்ந்து நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஒரு ஆயா, மகனுக்கு. இடம் போதாமல் மடிப்போரத்திலும் சுற்றிச் சுற்றி எழுதச் சொல்வார். ஒரு தடவை காலில் கட்டோடு உட்கார்ந்துகொண்டு, "செவலை கன்னு போட்டுச்சு, மழை நல்லாப் பேஞ்சுது, அதை எழுதுப்பா" என்றார். "கால் அடிபட்டதை எழுதவா, ஆயா?" என்றேன். "அவன் அங்க துப்பாக்கி புடிச்சிக்கிட்டு நிக்கிறான். இதை எழுதி என்ன ஆவப்போவுது? கன்னு கெடேரின்னு எழுது" என்றார்.

எழுதினேன். அந்தக் கடிதம் இப்போது எங்கே இருக்கிறதோ.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தபால்காரர்,
வேலூர் மாவட்டம்.