பெத்தேலுக்கு மூன்றாவது பெயரும் உண்டு, ஐயா

திருமண்டல ஓய்வுநாள் பள்ளிப் பாடக்குழுவின் தலைவர் ஐயா அவர்களுக்கும் அங்கத்தினர்களுக்கும் ஸ்தோத்திரம்.

இந்த வருட வேதாகமத் தேர்வைப் பற்றி எங்கள் சேகரகுரு ஐயா மூலம் அனுப்பிய விண்ணப்பம் உங்கள் கைக்கு வந்திருக்கும். பதில் வரவில்லை. அதனால்தான் எல்லாரும் வாசிக்கும்படி எழுதுகிறேன்.

‘பெத்தேலின் வேறு பெயர் என்ன?’ என்பது கேள்வி. யாக்கோபு ‘தேவனுடைய வீடு’ என்று பெயரிட்ட ஊர் அது. உங்கள் விடைக்குறிப்பில் லூஸ். எங்கள் வகுப்புப் பிள்ளை ஒருத்தி பெத்தாவேன், அதாவது ‘அக்கிரமத்தின் வீடு’, என்று எழுதி, பக்கத்தில் ஓசியா 10:5 என்று வசனமும் குறித்திருந்தாள். சிவப்பு மையில் ஒரு கோடு, சுழியம். அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. பரிசளிப்பு நாளில் அவள் போய்க் கேட்டதற்கு, “தேவனுடைய வீட்டை அக்கிரமத்தின் வீடுன்னு சொல்லலாமா? யார் உனக்கு இதைச் சொல்லிக் கொடுத்தது?” என்று திருத்தியவர் மற்றப் பிள்ளைகள் முன்னால் அதட்டியிருக்கிறார். சொல்லிக் கொடுத்தவர் ஓசியா தீர்க்கதரிசி, ஐயா. வேறு யாருமில்லை.

இப்போது வகுப்பில் நான் எதைக் கேட்டாலும், “பாடப்புஸ்தகத்துல இருக்கிறதைச் சொல்லவா, வேதத்துல இருக்கிறதைச் சொல்லவா அக்கா?” என்கிறாள். கிண்டல் செய்கிற பிள்ளை இல்லை அவள். எதைச் சொன்னால் திட்டு விழாது என்று நிஜமாகவே தெரியாமல் கேட்கிறாள். யாரும் சொல்லாமலே ஓசியாவைத் திறந்து வாசித்த பிள்ளை. அப்படிப்பட்ட பிள்ளைகள் எத்தனை பேர் என்பது உங்களுக்கே தெரியும்.

நம் பாடப்புஸ்தகத்தில் பெத்தேல் ஆதியாகமம் 28-ஆம் அதிகாரத்தோடு முடிந்துவிடுகிறது. யாக்கோபு, தலையணைக் கல், ஏணி, தேவதூதர்; அடியில் ‘பெத்தேல் – தேவனுடைய வீடு’. அர்த்தம் சரிதான். ஏல் என்பது தேவன், பேத் என்பது வீடு. அதற்கு முன் அந்த ஊர் லூஸ். எபிரேயத்தில் அது வாதுமை மரத்தின் பெயர். இந்தப் பழைய பெயர் போன விதமே ஒரு கதை. நியாயாதிபதிகள் முதலாம் அதிகாரத்தில், பட்டணத்துக்குள் நுழையும் வழியைக் காட்டிக் கொடுத்துத் தப்பிய மனுஷன் ஏத்தியர் தேசத்துக்குப் போய் அங்கே ஓர் ஊரைக் கட்டி, அதற்கும் லூஸ் என்றே பெயர் வைக்கிறான். இதைச் சொன்னால் பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்கிறார்கள். புஸ்தகத்தில் ஒரு வரி கிடையாது.

அதற்குப் பிறகு வருவதுதான் நமக்குச் சங்கடம். இஸ்ரவேல் ராஜ்யம் இரண்டான பின், ஜனங்கள் பலியிட எருசலேமுக்குப் போனால் மனசும் அங்கேயே போய்விடும் என்று வடக்கு ராஜ்யத்தின் ராஜா யெரொபெயாம் பயந்தான். பொன் கன்றுக்குட்டிகள் இரண்டு செய்து, வடக்கே தாணில் ஒன்றும் தெற்கே பெத்தேலில் ஒன்றும் வைத்தான். பெத்தேல் எருசலேமுக்குப் போகிற வழியில் இருந்தது. யாக்கோபின் பேரும் அந்த இடத்துக்குத் துணை நின்றது. கி.மு. 8-ஆம் நூற்றாண்டில் ஆமோஸ் தீர்க்கதரிசி அங்கே போய், பெத்தேல் ‘ஆவென்’ ஆகும் என்றார். அக்கிரமம், வெறுமை என்று பொருள்படும் சொல் அது. தமிழ் வேதாகமத்தில் அந்தச் சிலேடை தெரியாது. ஓசியா இன்னும் ஒரு படி மேலே போய், பெயரிலிருந்த தேவனை எடுத்துவிட்டு ஆவெனை வைத்தார். பெத்தேல் பெத்தாவேன் ஆனது.

யோசுவா 7:2-இல் ஆயி பட்டணத்தருகே பெத்தாவேன் என்று தனியாக ஓர் இடம் வருகிறதே என்று குழுவில் யாராவது கேட்கலாம். நியாயமான கேள்வி. பக்கத்து ஊரின் பெயரை எடுத்து ராஜாவின் கோவிலுக்குச் சூட்டியதில்தான் ஓசியாவின் சூடு இருக்கிறது. ஓசியா பத்தாம் அதிகாரத்தில் கன்றுக்குட்டி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அது எந்த ஊர்க் கன்றுக்குட்டி என்பதில் சந்தேகம் வராது.

ஆமோஸ் ஏழாம் அதிகாரத்தில் பெத்தேலின் ஆசாரியன் அமத்சியா ஆமோஸிடம், இங்கே இனித் தீர்க்கதரிசனம் சொல்லாதே, இது ராஜாவின் ஸ்தலம், யூதாவுக்கு ஓடிப் போ என்றான். அந்தப் பிள்ளையை அதட்டியவர் எந்த அதிகாரத்தை நடித்துக் காட்டினார் என்பதை அவரே வாசித்துக்கொள்ளட்டும்.

நம் ஊர்களில் தெருவுக்கொரு பெத்தேல் ஜெபவீடு இருக்கிறது. பெயர்ப் பலகைக்கு நல்ல அர்த்தம் வேண்டியதுதான். அதற்காகப் பிள்ளைகளின் வேதத்தையும் பெயர்ப் பலகை அளவுக்குக் குறைக்க வேண்டுமா? ஆசிரியர் பயிற்சி என்று கூப்பிட்டால் அபிநயப் பாட்டும் பிரியாணியும் போட்டோவும்தான். வேதத்தை வாசித்து ஆசிரியர்கள் சந்தேகம் கேட்க ஒரு மணி நேரம் ஒதுக்கி நான் பார்த்ததில்லை. சரி, அது வேறு விஷயம். மன்னியுங்கள்.

கேட்பது ஒன்றுதான். பெத்தேலின் கதையை முழுவதுமாகப் பாடத்தில் சேருங்கள். யூதாவின் ராஜா யோசியா பெத்தேலின் பலிபீடத்தை இடித்ததோடு நிறுத்தவும் வேண்டாம். 1838-இல் எட்வர்ட் ராபின்சன் என்ற அமெரிக்க அறிஞர் எருசலேமுக்கு வடக்கே சுமார் 17 கிலோமீட்டரில், ரமல்லா பக்கத்தில், பெய்த்தீன் என்ற அரபுக் கிராமத்தின் பெயரில் பழைய பெத்தேல் ஒலிப்பதைக் கவனித்தார். ‘ஏல்’ தேய்ந்து ‘ஈன்’ ஆகியிருந்தது. பின்பு 1934-இல் ஆல்பிரைட் என்ற தொல்லியல் அறிஞர் அங்கே அகழாய்வு செய்தார். இன்றைக்கும் பெரும்பாலான ஆய்வாளர்கள் அந்த இடத்தையே சொல்கிறார்கள். ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு இது புரியாதா?

விடைக்குறிப்பில் லூஸோடு பெத்தாவேனையும் சேர்த்து, அந்தப் பிள்ளையின் மதிப்பெண்ணைத் திருத்தி, சேகர அலுவலகத்துக்கு எழுத்தில் தெரிவிக்கும்படி தாழ்மையாய்க் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த பதிப்பு அச்சுக்குப் போகுமுன் பெத்தேல் பாடத்தையும் முழுதாக்கித் தாருங்கள். பக்கம் போதாதென்றால் ஏணிப் படத்தைக் கொஞ்சம் சிறிதாக்கலாம்.

கிறிஸ்துவின் பணியில்,
ஓர் ஓய்வுநாள் பள்ளி ஆசிரியை