3,400 மீட்டர் ஆழத்துக்கு ஒரு ஆர்.ஓ.வி.யை அனுப்புங்கள்

பாதுகாப்பு அமைச்சகத்துக்கும் புவி அறிவியல் அமைச்சகத்துக்கும் வணக்கம்.

கப்பலிலிருந்து கேபிளில் இறக்கி கடலடியில் வேலை வாங்கும் ரோபோ வண்டிகளை ஓட்டுவது என் தொழில். ஆர்.ஓ.வி. என்போம். ஓட்டுகிறவனை பைலட் என்பார்கள். ஆனால் அவன் உட்கார்ந்திருப்பது மேல்தளத்தில் ஏ.சி. போட்ட ஒரு கன்டெய்னருக்குள். கே-2743 விமானம் பற்றி உங்களிடம் கேட்க எனக்கு ஒரு விஷயம் இருக்கிறது.

2016 ஜூலை 22 காலை தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குக் கிளம்பிய விமானப்படையின் ஏ.என்.-32 அது. உள்ளே 29 பேர், அதில் எட்டுப் பேர் படையில் இல்லாத ஊழியர்கள். 23,000 அடி உயரத்தில் பறந்தது திடீரென்று இடப்பக்கம் திரும்பி வேகமாகக் கீழிறங்கியதாக ரேடார் பதிவு சொன்னது. நீருக்கடியிலிருந்து ஒலியெழுப்பி இடத்தைக் காட்டும் பீக்கன் அந்த விமானத்தில் இல்லை. கப்பல்களும் விமானங்களும் வாரக்கணக்கில் தேடியும் ஒரு துண்டுகூடக் கிடைக்கவில்லை.

2024 ஜனவரியில்தான் நல்ல செய்தி வந்தது. பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் (என்.ஐ.ஓ.டி.) தானியங்கி நீர்மூழ்கி வண்டி, சென்னைக் கரையிலிருந்து சுமார் 140 கடல் மைல் தள்ளி, 3,400 மீட்டர் ஆழத்தில் விமானச் சிதைவுகளைப் படம் பிடித்திருந்தது. படங்கள் ஏ.என்.-32 வகையோடு பொருந்துகின்றன, அந்தப் பகுதியில் வேறு விமானம் காணாமல் போனதாகப் பதிவும் இல்லை என்று நீங்களே அறிவித்தீர்கள். அந்தக் குழுவுக்கு ஒரு சல்யூட். அந்த ஆழத்தில் எதிரொலியால் தேடும் சோனாரை வைத்துச் சிதறிய தகரத்தைக் கண்டுபிடிப்பது லேசான காரியமில்லை.

ஆனால் தானியங்கி வண்டிக்குக் கேபிளும் கிடையாது, கையும் கிடையாது. சொல்லிவிட்ட பாதையில் போய்ப் படமெடுத்துத் திரும்பும். வால்பகுதியைச் சுற்றி வந்து விமானத்தின் அடையாள எண்ணைப் படிப்பது, புரொப்பெல்லர் எப்படி வளைந்திருக்கிறது என்று பார்ப்பது, கறுப்புப் பெட்டி எனப்படும் பதிவுப் பெட்டியை எடுத்துக் கூடையில் வைப்பது எல்லாம் எங்கள் வேலை. அந்தக் கட்டத்துக்குப் போங்கள் என்றுதான் கேட்கிறேன்.

அவ்வளவு ஆழத்தில் முடியுமா என்று யாராவது கேட்டால், முடிந்ததைச் சொல்லுங்கள். 1985இல் அயர்லாந்துக்கு அப்பால் விழுந்த ஏர் இந்தியா கனிஷ்காவின் பதிவுப் பெட்டிகளை 2,000 மீட்டருக்குக் கீழிருந்து ஸ்காரப் என்ற வண்டி எடுத்தது, அதுவும் விபத்து நடந்த மூன்று வாரத்துக்குள். 2009இல் அட்லாண்டிக்கில் விழுந்த ஏர் பிரான்ஸ் 447இன் பெட்டிகள் 3,900 மீட்டர் ஆழத்தில் ஏறக்குறைய இரண்டு ஆண்டு கிடந்தன. 2011 மே மாதம் ரெமோரா 6000 என்ற அமெரிக்க ஆர்.ஓ.வி. எடுத்துக்கொடுத்தது, பதிவைப் படிக்க முடிந்தது. 2022இல் தென்சீனக் கடலில் விழுந்த எஃப்-35 போர் விமானத்தை அமெரிக்கக் கடற்படை ஐந்தே வாரத்தில் சுமார் 3,780 மீட்டரிலிருந்து முழுசாகத் தூக்கியது. வண்டி போய்க் கொக்கி மாட்டியது, கிரேன் இழுத்தது.

நம் கடலிலும் நடந்திருக்கிறது. 2015 ஜூனில் கடலோரக் காவல்படையின் டோர்னியர் விமானம் விழுந்தபோது அதன் பீக்கன் ஒலியை சிந்துத்வஜ் நீர்மூழ்கி கேட்டது. அப்புறம் ஒலிம்பிக் கேன்யன் கப்பலின் ஆர்.ஓ.வி. சுமார் 1,000 மீட்டர் ஆழத்திலிருந்து பதிவுப் பெட்டியை எடுத்தது. எல்லாம் ஒரு மாதத்துக்குச் சற்று மேலே. பீக்கன் இருந்த விமானத்துக்குச் சுமார் ஒரு மாதம், இல்லாத விமானத்துக்கு ஏழரை ஆண்டு. கடல்மேல் பறக்கும் படை விமானங்களில் இன்னும் எதிலாவது பீக்கன் இல்லையென்றால், இந்தக் கடிதத்தைப் பாதியில் வைத்துவிட்டு முதலில் அதைக் கவனியுங்கள்.

ஒரு நடைமுறைச் சிக்கல் இருக்கிறது. எண்ணெய் வயல்களில் ஓடும் ஆர்.ஓ.வி.க்கள் பெரும்பாலும் 3,000 மீட்டர் வரைக்கும்தான். கிருஷ்ணா-கோதாவரிப் படுகையில் நிற்கும் ஏதோ ஒரு கப்பலை வாடகைக்கு எடுத்து இதை முடித்துவிட முடியாது. மீதி 400 மீட்டருக்குக் கேபிள் நீளம் போதாது, மின்னணு அறைகளும் மிதவை நுரையும் அந்த அழுத்தத்துக்குச் செய்யப்பட்டவையல்ல. அங்கே ஒரு சதுர சென்டிமீட்டரில் சுமார் 350 கிலோ அழுத்தம். 6,000 மீட்டர் வண்டிதான் வேண்டும். என்.ஐ.ஓ.டி.யின் ரோசப் 6000, 2010லேயே இந்தியப் பெருங்கடலில் 5,289 மீட்டர் இறங்கிய வண்டி. அது இப்போது இந்த வேலைக்குத் தயாரில்லை என்றால் வெளிநாட்டிலிருந்து வாடகைக்கு வரட்டும். அதில் கௌரவம் பார்க்க ஒன்றுமில்லை. பிரான்சும் அமெரிக்க வண்டியைத்தான் கூப்பிட்டது.

கடலடி எப்படி இருக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். கங்கையும் பிரம்மபுத்திராவும் கொண்டுவந்து கொட்டிய வண்டல் வங்காள விரிகுடாவின் தரையில் வெகுதூரம் பரவிக் கிடக்கிறது. வண்டி இறங்கவே இரண்டு மணி நேரம் ஆகும். தரைக்குச் சற்று மேலே நிற்காமல் அவசரப்பட்டு உந்துவிசிறியைக் கீழ்நோக்கி ஓட்டினால், கேமராவுக்கு முன் பால் ஊற்றியதுபோல எல்லாம் வெளுத்துவிடும். அது தெளியும்வரை கை வைக்காமல் காத்திருப்பதுதான் பாதி வேலை. மெல்லிய தகடும் சிறு பாகங்களும் இந்த வண்டலில் புதையும், உப்புநீர் அலுமினியத்தைத் தின்னும். அடுத்த வருடம் பார்க்கலாம் என்று தள்ளத் தள்ள, எடுக்க மிஞ்சுவது குறையும்.

பெட்டி கிடைத்தாலும் பதிவு படிக்கிற நிலையில் இருக்கும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். இவ்வளவு காலம் நீருக்குள் கிடந்த பொருள். எடுத்ததும் காயவிடாமல் நல்ல நீரில் மூழ்கடித்தே ஆய்வகத்துக்குக் கொண்டுபோக வேண்டும், காற்றுப்பட்டால் துரு வேகம் பிடிக்கும். பதிவே போயிருந்தாலும் இன்ஜினும் இறக்கைப் பாகங்களும் சொல்வது நிறைய. அதே வகை விமானங்கள் அதற்குப் பிறகும் பறந்தன என்பதையும் மறக்கக் கூடாது.

இன்னொன்று, இதைச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது. கீழே மனித எச்சங்கள் தென்பட்டால் என்ன செய்வது என்பதை வண்டி இறங்குவதற்கு முன்பே 29 குடும்பங்களிடமும் கேட்டு முடிவு செய்துவிடுங்கள். ஏர் பிரான்ஸ் விபத்தில் உடல்களையும் மேலே கொண்டுவந்தார்கள். எல்லாக் குடும்பங்களும் அதையே விரும்ப வேண்டும் என்றில்லை. கன்டெய்னருக்குள் ஜாய்ஸ்டிக்கைப் பிடித்திருக்கும் பைலட் தலையில் அந்த முடிவைக் கட்டக் கூடாது.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு, பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை இந்தக் கடல் ஓரளவு அமைதியாக இருக்கும். வண்டியை அலைக்குள் இறக்கவும் ஏற்றவும் அதுதான் சரியான காலம். வருகிற பிப்ரவரிக்கு எந்தக் கப்பல், எந்த வண்டி, யார் பொறுப்பு என்று எழுத்தில் அறிவியுங்கள். அறிவிப்பின் நகல் முதலில் அந்தக் குடும்பங்களுக்குப் போகட்டும், அப்புறம் பத்திரிகைகளுக்கு.

இப்படிக்கு,
ஒரு ஆர்.ஓ.வி. பைலட்