ஒற்றுமை இல்லை என்று எழுதுவதற்கு முன்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன இதழில் கடலோரச் சங்கங்கள் ஏன் உருப்படுவதில்லை என்று ஒரு கட்டுரை போட்டிருந்தீர்கள். மீனவ மக்களிடம் ஒற்றுமை இல்லை, விழிப்புணர்வு முகாம் நடத்த வேண்டும் என்று எழுதியவர் தீர்ப்பே சொல்லிவிட்டார். ராமநாதபுரம் கடற்கரையில் பிறந்து வளர்ந்த எனக்கு எரிச்சல்தான் வந்தது. உயிரைக் கொடுத்து உதவுகிற ஆட்களும் சங்கத்துக்குச் சந்தா கட்டச் சொன்னால் நாளைக்கு வா என்கிற ஆட்களும் இங்கே ஒரே ஆட்கள்தான். அவர்கள் யார் யாரோடு, எப்படிக் கட்டுண்டு கிடக்கிறார்கள் என்று பார்க்காமல் குணத்தைக் குறை சொல்லி என்ன பயன்?

பாம்பன் பக்கம் சின்னப்பாலத்தில் கடல்பாசி எடுக்கும் பெண்களைப் பாருங்கள். விரலில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டி, மூச்சை அடக்கி முங்கிப் பாறையிலிருந்து பாசியைப் பறிக்கிற வேலை. மாதத்தில் 12 நாள்தான் பறிப்பது என்று கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். இவர்களை முன்நின்று நடத்திய லட்சுமி மூர்த்திக்கு, தீவுகளின் இயற்கையைக் காப்பவர்களுக்குத் தருகிற சீக்காலஜி விருதுகூட 2015இல் கிடைத்தது. அந்தக் கட்டுப்பாடு எப்படி நிற்கிறது என்றால், கூட்டமாக வத்தையில், அதாவது சின்ன நாட்டுப்படகில், போகிறார்கள், செலவைப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள், ஒருத்தி முங்கினால் இன்னொருத்தி தலை மேலே வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கிறாள். பதிமூன்றாம் நாள் ஒருத்தி மட்டும் கிளம்பினால் அவளோடு வத்தை ஏற ஆள் வராது. எந்த அதிகாரி வந்து பிடிக்கப் போகிறார்?

இதற்கு ஒரு கணக்கே இருக்கிறது. ஒட்சுகி, நோவாக் உள்ளிட்ட நாலு ஆய்வாளர்கள் 2006இல் நேச்சர் என்ற அறிவியல் இதழில் எழுதியது. நான் உதவுவதால் உங்களுக்கு வரும் பலனை எனக்கு ஆகும் செலவால் வகுத்தால் ஒரு எண் வரும். அந்தக் கூட்டத்தில் ஒரு ஆளுக்குச் சராசரியாக எத்தனை தொடர்பு இருக்கிறதோ, அதைவிட அந்த எண் பெரிதாக இருந்தால் உதவும் பழக்கம் நிலைக்கும், இல்லாவிட்டால் வாங்கிக்கொண்டு திருப்பித் தராதவன் பெருகுவான். எஞ்சின் நின்ற படகைக் கட்டி இழுத்து வருவதில் எனக்கு ஆயிரம் ரூபாய் நஷ்டம், அவருக்கு ஐயாயிரம் ரூபாய் மிச்சம் என்று வைத்துக்கொண்டால் எண் 5. ஆளுக்கு மூணு நாலு தொடர்பு உள்ள கூட்டத்தில் அது தாங்கும், ஆளுக்கு ஐம்பது என்றால் கரைந்துவிடும். எங்கள் பக்கத்து ஆள் ஒருவருக்குக் குருசடைத் தீவுக்கு வெளியே எஞ்சின் நின்றுபோனது. ஊர் வாட்ஸ்அப் குழுவில் தகவல் போட்டார், கும்பிடு படமாக வந்து குவிந்தது, ஒரு படகும் வரவில்லை. கடைசியில் வந்து இழுத்தவர் வேறு ஊர்க்காரர், ஐஸ் கம்பெனி வரிசையில் நின்று நின்று பழக்கமானவர்.

தாளில் போட்ட கணக்கு ஆட்களிடம் அப்படியே பலிக்கும் என்று நான் சொல்லவில்லை. 2012இல் வெளிவந்த ஒரு ஆய்வில், ஒத்துழைப்பதா ஏமாற்றுவதா என்று தேர்ந்தெடுக்கும் விளையாட்டில் ஸ்பெயினில் 1,229 பேரை வைத்துச் சோதித்தார்கள், பெரும்பாலும் பள்ளி மாணவர்கள். எல்லோருக்கும் ஒரே அளவு தொடர்பு இருக்கும்படி கட்டம் கட்டமாக இணைத்தாலும் சரி, சிலரிடம் மட்டும் ஏகப்பட்ட தொடர்பு குவியும்படி இணைத்தாலும் சரி, ஒத்துழைப்பில் வித்தியாசமே தெரியவில்லை. ராண்ட் என்பவரின் குழு 2014இல் செய்த சோதனையில் பலனைச் செலவால் வகுத்த அந்த எண் தொடர்புகளின் எண்ணிக்கையைத் தாண்டியபோது ஒத்துழைப்பு நிலைத்தது. அதே ராண்ட், ஆர்ப்ஸ்மன், கிறிஸ்டாக்கிஸ் ஆகியோரோடு சேர்ந்து 2011இல் செய்த சோதனைதான் எனக்கு உறைத்தது. சரிப்படாதவரை விட்டுவிட்டு வேறொருவரோடு சேர்ந்துகொள்ளலாம் என்று அடிக்கடி வாய்ப்புக் கொடுத்தபோது ஒத்துழைப்பு நிலைத்தது. தொடர்பை மாற்றவே முடியாது என்றபோது போகப் போகத் தேய்ந்தது.

அந்த விட்டுவிலகும் உரிமை நம் கரையில் எத்தனை பேருக்கு இருக்கிறது? நண்டு வலைக்கு, பிடித்ததை வாங்கிக்கொள்ளும் ஏஜென்டிடம் முன்பணம் வாங்கியவர், பக்கத்து ஏஜென்ட் கிலோவுக்கு இருபது ரூபாய் கூடத் தந்தாலும் அங்கே போட முடியாது. விசைப்படகில் கடலுக்குப் போகிறவரும் ஓனரிடம் முன்பணம் வாங்கியிருந்தால் அடைக்கும்வரை அந்தப் படகுதான். நடுவில் ஒரு ஆள், எல்லாக் கயிறும் அவர் கையில், பிடிக்கிறவர்களுக்குள் ஒன்றும் கிடையாது. பக்கத்து வீட்டுக்காரர் என்ன விலைக்குப் போட்டார் என்பதைக்கூட ஏஜென்ட் வாயால்தான் கேட்க வேண்டும். இப்படிப்பட்ட இடத்தில் இருநூறு பேரை உட்கார வைத்துச் சங்கம் என்று போர்டு மாட்டினால் யார் வாய் திறப்பார்? ஏஜென்டை வில்லனாக்கவும் எனக்கு மனமில்லை, ராத்திரி பதினோரு மணிக்கு ஆஸ்பத்திரி செலவுக்குப் பணத்தோடு வருவது அவர்தான், வங்கி மேனேஜர் இல்லை. ஆனால் உங்கள் கட்டுரையாளர் கடனைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை பாருங்கள், அதுதான் என் வருத்தம்.

சரி, சின்ன வட்டம் நல்லது என்றால் ஊர் ஊராக ஒதுங்கிக்கொள்ளலாமா என்று கேட்பீர்கள். அதிலும் நஷ்டம் இருக்கிறது. ஹவாயில் சூரை மீன் பிடிக்கும் தூண்டில் படகுக்காரர்களிடம் அதைத்தான் பார்த்தார்கள். வியட்நாம் வழி வந்தவர், கொரியா வழி வந்தவர், ஐரோப்பிய வழி வந்தவர் என்று மூன்று கூட்டம், தகவல் பெரும்பாலும் கூட்டத்துக்குள்ளேயே நின்றுவிடுகிறது. தூண்டிலில் சுறா சிக்காமல் பார்த்துக்கொள்ளும் விவரம் மற்றவர்களுக்கும் போய்ச் சேர்ந்திருந்தால் ஐந்து ஆண்டுகளில் 46,000க்கும் மேற்பட்ட சுறாக்கள் தப்பியிருக்கும் என்று 2016இல் வந்த ஆய்வு மதிப்பிட்டது. நம் பாக் நீரிணையில் திங்கள், புதன், சனி விசைப்படகுக்கு, மற்ற நாள் நாட்டுப்படகுக்கு என்று முறை இருக்கிறது. விசைப்படகு நாட்டுப்படகுக்காரரின் வலையை அறுத்துவிட்டால், அந்தப் பக்கம் தெரிந்த ஆள் ஒருவர் இருந்தாலே போதும், நஷ்ட ஈட்டுப் பேச்சு கரையிலேயே முடிந்துவிடும். யாருமே இல்லையென்றால் சாலை மறியல்தான். சங்கத் தலைவர்கள் இரண்டு பேர் கைகுலுக்கிப் போட்டோ எடுத்துக்கொண்டால் அந்தப் பழக்கம் வந்துவிடாது.

அதனால் அடுத்த தடவை நிருபரை அனுப்பினால் சங்கத்தில் எத்தனை உறுப்பினர் என்று கேட்கச் சொல்லாதீர்கள். எஞ்சின் நின்றால் முதல் போன் யாருக்கு, அவசரப் பணம் யாரிடம், இன்றைய விலையை யாரிடம் கேட்பீர்கள் என்று கேட்கச் சொல்லுங்கள். தங்கச்சிமடத்தில் ஒரு தெரு, மோர்ப்பண்ணையில் ஒரு தெரு, ஏர்வாடியில் ஒரு தெரு போதும், பெயர் போடாமல் பதில்களைப் புள்ளி வைத்துக் கோடு இழுத்து அச்சிடுங்கள். ஆட்களைப் புள்ளியாகவும் உறவைக் கோடாகவும் பார்ப்பது புதுசும் இல்லை, 1954இல் ஜான் பார்ன்ஸ் நார்வேயில் ஒரு மீன்பிடித் தீவைப் பற்றி அப்படித்தான் எழுதினார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு ஆட்கள் கரையில்தான் இருப்பார்கள், பேசவும் நேரம் இருக்கும். கடன் கேள்வியை மட்டும் ஏஜென்ட் கடை வாசலில் நின்று கேட்க வேண்டாம்.

இப்படிக்கு,
வாசகர், பாம்பன்