அலி கல்லறையோடு திரும்பிவிடாதீர்கள்: நம் தமிழ்ப் பள்ளிக்கு ஒரு திறந்த மடல்

நிர்வாகக் குழுவினருக்கும் ஆசிரியர்களுக்கும் சக பெற்றோருக்கும் வணக்கம்.

பள்ளி ஆண்டு முடிவில் பிள்ளைகளுக்கு லூயிவில் நகரைச் சுற்றிக் காட்டும் உங்கள் திட்டம் கிடைத்தது. காலையில் கேவ் ஹில் கல்லறைத் தோட்டத்தில் முகம்மது அலி, கேஎஃப்சி கர்னல் சாண்டர்ஸ் ஆகியோரின் கல்லறைகள். அங்கிருந்து மெயின் வீதியில் பேஸ்பால் மட்டை அருங்காட்சியகம். மதியம் பீட்சா. இதில் எதையும் நீக்கச் சொல்லவில்லை; பீட்சாவில் கை வைத்தால் என் மகனே என்னோடு பேசமாட்டான். கேவ் ஹில்லில் அரை மணி நேரம் கூடுதலாக ஒதுக்குங்கள் என்றுதான் கேட்கிறேன். அதே வளாகத்தில் அரசின் ராணுவக் கல்லறைப் பகுதி இருக்கிறது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்குப் பக்கம் நின்று போரிட்ட 32வது இண்டியானா தன்னார்வக் காலாட்படைக்கு அங்கே ஒரு நினைவுக்கல் உண்டு. பிள்ளைகள் அதைப் பார்க்க வேண்டும்.

உள்நாட்டுப் போரைப் பள்ளியிலேயே படித்துவிடுகிறார்களே என்பீர்கள். லிங்கனையும் கெட்டிஸ்பர்க்கையும் படிக்கிறார்கள், சரி. இந்தப் படையைப் பற்றி என் பிள்ளைகளின் பாடப் புத்தகத்தில் ஒரு வரி இல்லை. 1861 ஆகஸ்டில் இண்டியானாபொலிஸில் திரட்டிய படை இது. ஏறக்குறைய எல்லோரும் ஜெர்மானியக் குடியேறிகள். கட்டளைகூட ஜெர்மன் மொழியில்தான். தலைவர் ஆகஸ்ட் வில்லிஹ், முன்னாள் பிரஷ்ய ராணுவ அதிகாரி. 1849இல் ஜெர்மனியின் பாடன் பகுதியில் மன்னராட்சிக்கு எதிராகப் படை நடத்தியவர். அப்போது அவருக்குத் துணை அதிகாரியாக இருந்தது ஃபிரெட்ரிக் எங்கெல்ஸ். பிறகு லண்டனில் மார்க்ஸோடு சண்டை போட்டுக்கொண்டு பிரிந்தார். அமெரிக்கா வந்து சின்சினாட்டியில் ஜெர்மன் பத்திரிகை ஒன்றை நடத்திக்கொண்டிருந்தார். அந்த ஆளைத்தான் இண்டியானா ஆளுநர் மார்டன் கூப்பிட்டுப் படையை ஒப்படைத்தார்.

இதன் கனம் தெரிய வேண்டுமானால் ஆறு வருடம் பின்னால் போக வேண்டும். 1855 ஆகஸ்ட் 6, நம் லூயிவிலில் தேர்தல் நாள். வந்தேறிகள் ஓட்டுப் போடக் கூடாது என்று கிளம்பிய கும்பல் ஜெர்மானியர் தெருக்களிலும் ஐரிஷ்காரர் தெருக்களிலும் புகுந்து அடித்தது, வீடுகளைக் கொளுத்தியது. குறைந்தது 22 பேர் செத்தார்கள். 'ரத்தத் திங்கள்' என்று இந்த ஊர் அதற்குப் பெயர் வைத்திருக்கிறது. ஓஹையோ ஆற்றுக்கு அக்கரையில் இண்டியானாவில் இருந்த ஜெர்மானியர்களுக்கு இது தெரியாமல் இருந்திருக்காது. தெரிந்தேதான், யாரும் கட்டாயப்படுத்தாமல், இந்த நாட்டின் சீருடையைப் போட்டுக்கொண்டு நம் மாநிலமான கென்டக்கிக்குள் வந்தார்கள்.

மாமத் குகைக்குப் போகாத குடும்பம் நம்மில் கிடையாது. 65ஆம் நெடுஞ்சாலையில் அந்தப் பக்கம் போகும்போது மன்ஃபோர்ட்வில் என்றொரு ஊர் வரும். காருக்குப் பெட்ரோல் போட நின்றிருப்பீர்கள். அங்கே கிரீன் ஆற்றின் மேல் லூயிவில்–நாஷ்வில் ரயில் பாலத்தை, பிரிந்துபோன அடிமை மாநிலங்களுக்காகப் போரிட்ட தெற்குப் படையினர் உடைத்துவிட்டார்கள். அதைச் சீராக்கும் வேலைக்குக் காவலாக 32வது இண்டியானாவை நிறுத்தினார்கள். 1861 டிசம்பர் 17 அன்று ரௌலட் ஸ்டேஷனில் டெக்சாஸ் குதிரைப்படை அவர்கள் மேல் பாய்ந்தது. குதிரைகள் கிட்டத்தில் வரும்வரை சுடாமல் காத்திருந்து, சதுர வியூகம் கட்டி நின்று, துப்பாக்கி முனைக் கத்தியை (பாயோனெட்) நீட்டிச் சமாளித்தார்கள். லெப்டினன்ட் மாக்ஸ் சாக்ஸ் என்பவர் தன் ஆட்களோடு மறைவை விட்டு வெட்டவெளிக்கு வந்து, சூழப்பட்டு மடிந்தார். எதிர்ப்பக்கத்தில் குதிரைப்படைத் தலைவர் பெஞ்சமின் டெர்ரியும் அன்றே விழுந்தார். அவருடைய கரும்புத் தோட்டம் எங்கே இருந்தது தெரியுமா? சுகர் லேண்டில். ஹியூஸ்டன் பக்கம் நம்மில் பாதிப் பேருக்குச் சொந்தக்காரர்கள் இருக்கிற அதே சுகர் லேண்ட். அந்தத் தோட்டத்தில் உழைத்தது அடிமைகள். அடிமை முறை எதை வைத்து நின்றது என்று பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்ல இதைவிடப் பக்கத்து உதாரணம் கிடைக்காது.

இறந்தவர்களை அங்கேயே புதைத்தார்கள். அடுத்த மாதம், 1862 ஜனவரியில், ஆகஸ்ட் ப்ளோட்னர் என்ற சிப்பாய் அந்த வட்டாரத்துச் சுண்ணாம்புக் கல் ஒன்றை எடுத்துச் செதுக்கத் தொடங்கினார். மேலே சிறகு விரித்த கழுகு, பீரங்கிகள், இரண்டு பக்கமும் அமெரிக்கக் கொடி, ஒரு புறம் ஆலிவ் கிளை, மறு புறம் ஓக் கிளை. கீழே முழுக்க ஜெர்மன் மொழி: விழுந்தவர்களின் பெயர், பிறந்த தேதி, கடல் கடந்து எந்த ஊரிலிருந்து வந்தார்கள் என்பது வரைக்கும். போர் நடந்துகொண்டிருக்கும்போது, அடுத்த சண்டையில் தானே இருப்போமா என்று தெரியாத ஒரு ஆள் செதுக்கியது. அமெரிக்க உள்நாட்டுப் போர் நினைவுச் சின்னங்களில் இன்று எஞ்சியிருப்பவற்றுள் இதுதான் மிகப் பழையது.

கல் கொஞ்சம் பீற்றிக்கொள்ளவும் செய்கிறது, அதையும் மறைக்க வேண்டாம். 500 ஜெர்மானியர்கள் 3,000 பேருக்கு மேற்பட்ட எதிரிகளை முறியடித்தார்கள் என்று எழுதியிருக்கிறது. தெற்குத் தளபதி ஹிண்ட்மன் தன் பக்கம் காலாட்கள் 1,100, குதிரை வீரர்கள் 250, பீரங்கிகள் நான்கு என்று கணக்குச் சொல்கிறார். இரண்டு பக்கத்தாரும் தங்களுக்கே வெற்றி என்றார்கள். ஏழாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இரண்டு கணக்கையும் கொடுத்து, யார் ஏன் அப்படி எழுதியிருப்பார்கள் என்று கேட்டுப் பாருங்கள். நம் பாடத்திட்டத்தில் இல்லாத நல்ல பயிற்சி.

1867இல் உடல்களையும் கல்லையும் கேவ் ஹில்லுக்குக் கொண்டுவந்தார்கள். சுண்ணாம்புக் கல் மழைக்கும் பனிக்கும் தாங்கவில்லை. முகப்பு ஏடு ஏடாக உரிந்து, ப்ளோட்னர் வெட்டிய எழுத்தில் பெரும்பகுதி போய்விட்டது. இன்னும் விட்டால் ஒன்றும் மிஞ்சாது என்று 2008 டிசம்பரில் அதைப் பெயர்த்து எடுத்துப் பாதுகாத்து, 2010இல் மெயின் வீதியில் உள்ள ஃப்ரேசியர் வரலாற்று அருங்காட்சியகத்தில் வைத்தார்கள். கல்லறைப் பகுதியில் அதன் இடத்துக்கு 2011இல் புதுக் கல் வந்தது. புதைத்த இடத்திலிருந்து மூலக் கல்லைப் பிரிக்கலாமா என்று சிலருக்கு மனத்தாங்கல் வரலாம். எடுத்தது சரிதான் என்பது என் கட்சி; இன்னும் முன்பே எடுத்திருக்கலாம்.

நீங்கள் போகப் போகும் மட்டை அருங்காட்சியகமும் அதே வீதிதான், நடக்கிற தூரம். ஆகவே காலையில் கேவ் ஹில்லில் புதுக் கல், பிற்பகலில் அருங்காட்சியகத்தில் உதிர்ந்த பழைய கல் என்று இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம்.

இரண்டு ஆட்சேபம் வரும் என்று தெரியும். ஒன்று, சின்னப் பிள்ளைகளைச் சுடுகாட்டுக்குக் கூட்டிப் போவதா என்பது. ஊரில் இருக்கும் பெரியவர்கள் போனில் கேட்பார்கள். என் அம்மா கட்டாயம் கேட்பார். அலியின் கல்லறைக்கும் கர்னல் சாண்டர்ஸின் கல்லறைக்கும் ஒட்டாத தீட்டு இதற்கு மட்டும் ஒட்டாது என்று சொல்லிக்கொள்ளலாம். வீட்டுக்கு வந்து குளித்தால் போயிற்று.

இன்னொன்று, போரையும் துப்பாக்கியையும் பிள்ளைகளுக்குப் பெருமையாகக் காட்டுவதா என்பது. இது நியாயமான கேள்வி. ஆனால் அலியிடமிருந்து நேரே இங்கே வருகிறோம் என்பதை மறக்காதீர்கள். 1967இல் வியட்நாம் போருக்கு வர மாட்டேன் என்று மறுத்து, குத்துச்சண்டைப் பட்டத்தைப் பறிகொடுத்து, 1971இல் உச்ச நீதிமன்றம் வரை போய் ஜெயித்தவர் அவர். ஒரே தோட்டத்தில் போருக்குத் தானாகப் போனவர்களும் போக மறுத்தவரும் இருக்கிறார்கள். இரண்டையும் பார்த்துவிட்டு வேனில் அவர்களே வாதாடிக்கொள்ளட்டும். பெரியவர்கள் நாம் தீர்ப்புச் சொல்லாமல் இருந்தால் போதும்.

நடைமுறை விஷயம். ராணுவக் கல்லறைப் பகுதியில் உட்கார்ந்து சாப்பிட அனுமதி இல்லை. முறுக்குப் பொட்டலங்கள் வேனிலேயே இருக்கட்டும், தண்ணீர் பாட்டில் மட்டும் கையில். கற்களுக்கு நடுவே ஓடிப் பிடித்து விளையாடக் கூடாது என்று முதல் நாளே வகுப்பில் சொல்லிவிடுங்கள். பழைய கல்லை அன்றைக்குப் பார்க்க முடியுமா என்று அருங்காட்சியகத்துக்கு நானே போன் செய்து கேட்டுச் சொல்கிறேன். அரை மணி நேரம் கூடினால் பீட்சாக் கடைக்குச் சொன்ன நேரம் தள்ளிப் போகும். அதை அவர்களிடம் சொல்லி மாற்றும் பொறுப்பும் என்னுடையது. வரும் ஞாயிறு கூட்டத்தில் இதை எடுத்துப் பேசி, சரி என்றால் பயணத் திட்டத்தில் ஒரு வரி சேர்த்து மறுபடி அனுப்புங்கள்.

அன்புடன்,
நடுநிலை இரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவனின் தாய்