மாப்ள, முன்பணம் கட்டுவதற்கு முன்னால் இதைப் படி

மாப்ள,

இங்கே கோவையில் எல்லோரும் நலம். சின்னவளை விடுதியில் விட்டுவிட்டு வந்ததிலிருந்து வீடு வெறிச்சென்று கிடக்கிறது. அந்தக் கதையை அப்புறம் எழுதுகிறேன். இப்போது அவசரம் வேறு.

நேற்று நம்ம குண்டு போன் செய்தான். நீ தண்டர்பேர்டைக் கொடுத்துவிட்டு கேடிஎம் ஆர்சி 390 எடுக்கப் போவதாகவும், அடுத்த வாரம் முன்பணம் கட்டப் போவதாகவும் சொன்னான். நீ ஸ்போர்ட்ஸ் பைக்குக்கு மாறுவது எனக்குச் சந்தோஷம்தான். காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் அந்த 70 கொண்டை ஊசி வளைவிலும் உன் பின்னாலேயே வந்தவன் நான். வண்டியை நீ சாய்க்கச் சாய்க்க ஃபுட்ரெஸ்ட் தார்ச்சாலையில் உரசிக் கத்தியது இன்னும் காதில் கேட்கிறது. உன் கை கேட்கிற சாய்வை அந்த வண்டியால் தர முடியவில்லை. உன் தண்டர்பேர்ட் மாதிரி சாய்ந்து உட்கார்ந்து ஓட்டுகிற குரூஸரின் ஃபுட்ரெஸ்ட் தாழ்வாக இருப்பதால் அதற்கு மேல் சாய இடமில்லை. அதனால் மாறு, தாராளமாக மாறு. ஆனால் ஆர்சி 390 என்றதும்தான் எனக்குத் தூக்கம் போய்விட்டது. போனில் சொன்னால் "சரிடா, சரிடா" என்று பேச்சை மாற்றிவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

போன வருஷம் இடுப்பு பிடித்து நீ படுத்துக் கிடந்தாயே, அதை நான் மறக்கவில்லை. உன் வண்டிக்கும் அதில் பங்கு உண்டு. குரூஸரில் கால் முன்னால் நீண்டிருக்கும், உடம்பின் மொத்த பாரமும் முதுகெலும்பின் அடியில் இறங்கும். பள்ளம் வந்தால் ஃபுட்ரெஸ்ட்டில் காலை ஊன்றி எழ முடியாது. அடி நேரே இடுப்புக்குப் போகும். கால் உடம்புக்குக் கீழே வருகிற வண்டியில் ஸ்பீடு பிரேக்கரைப் பார்த்ததும் லேசாக எழுந்துகொள்ளலாம், அடியை முழங்கால் வாங்கிக்கொள்ளும். நல்ல ஸ்போர்ட்ஸ் பைக் உன் இடுப்புக்கு இப்போதைய வண்டியைவிட இதமாகவே இருக்கும் என்று நான் நம்புகிறேன்.

எந்த ஸ்போர்ட்ஸ் பைக் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஷோரூமுக்குப் போனதும் நீ எஞ்சினைத்தான் பார்ப்பாய், உன்னை எனக்குத் தெரியாதா! முதலில் ஹேண்டில் பாரைப் பார். முன் ஃபோர்க் இரண்டையும் பிடித்திருக்கும் மேல் தட்டுக்கு மேலே அது நிற்கிறதா, கீழே இறங்கியிருக்கிறதா? கீழே இறங்கியிருந்தால் உன் மார்பு டேங்க் மேல் கவிழும், பாரம் மணிக்கட்டுக்குப் போகும். நெடுஞ்சாலையில் வேகமாகப் போகும்போது எதிர்க்காற்று மார்பைத் தாங்கிக்கொள்ளும், அவ்வளவாகத் தெரியாது. நாமக்கல் பஸ் ஸ்டாண்டு நெரிசலில் காற்று எங்கே இருக்கிறது? அங்கே உள்ளங்கை மரத்துப் போகும். கழுத்தைத் தூக்கித் தூக்கிப் பார்த்துப் பிடரி வலிக்கும். ஆர்சி 390 ரேஸ் டிராக்கை மனதில் வைத்துச் செய்த வண்டி. ஹேண்டில் பார் தாழ்வு, ஃபுட்ரெஸ்ட் பின்னால் தள்ளி உயரத்தில், சீட் 820 மில்லிமீட்டருக்கும் மேல். இருபது வயதுப் பையனுக்கு அது சொர்க்கம். இத்தனை வருஷம் சோபாவில் உட்கார்ந்த மாதிரி ஓட்டிய உன் உடம்பு அதை ஒரே நாளில் ஏற்காது.

அக்கா மகன் கவாஸாகி நிஞ்ஜா 650 எடுத்திருக்கிறான். போன மாதம் அதை வாங்கிக்கொண்டு ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறினேன். மாப்ள, என்ன சொல்ல! 40 கொண்டை ஊசி வளைவையும் ஏறி இறங்கி வீடு வந்த பிறகும் மணிக்கட்டு நன்றாக இருந்தது. பார்க்க ரேஸ் வண்டி மாதிரிதான், ஆனால் ஹேண்டில் பார் உயரமாக நம் பக்கம் வளைந்து வருகிறது. சீட் உயரம் 790, இருக்கிற இடத்தில் இரண்டு காலும் தரையில் ஊன்றின. எடை 196 கிலோ, ராயல் என்ஃபீல்டின் குரூஸரான சூப்பர் மீட்டியர் 650ஐவிட 45 கிலோ குறைவு. வளைவில் எந்தப் பக்கம் திரும்ப வேண்டுமோ அந்தப் பக்கத்துக் கைப்பிடியை லேசாக முன்னால் தள்ளினால் போதும், தானாகவே சாய்கிறது. ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், சித்திரை வெயிலில் சிக்னலில் நின்றால் எஞ்சின் சூடு காலுக்கு வரும்.

எஞ்சின் விஷயமும் உனக்குப் புதிதாக இருக்கும். உன் தண்டர்பேர்டில் இழுவை 28 நியூட்டன் மீட்டர், அதுவும் எஞ்சின் நிமிஷத்துக்கு 4,000 சுற்று (ஆர்பிஎம்) சுற்றும்போதே கிடைத்துவிடும். நிஞ்ஜாவிலேயே சின்னதான நிஞ்ஜா 300 கிட்டத்தட்ட அதே அளவு இழுவையைத் தருகிறது, ஆனால் அது வருவது 10,000 ஆர்பிஎம்மில். நாலாவது கியரில் உருட்டிக்கொண்டே போகிற உன் பழக்கத்துக்கு அது சரிவராது, கியரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். நிஞ்ஜா 650இல் அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேலான இழுவை 6,700இல் வருகிறது. அதற்குக் கீழேயே தாராளமாக இழுப்பதால் உனக்குப் பழைய வண்டி மாதிரியே இருக்கும். அவ்வளவு பணம் வேண்டாம் என்றால் சுஸுகி ஜிக்ஸர் எஸ்எஃப் 250ஐ ஓட்டிப் பார். 161 கிலோதான், உட்காரும் விதமும் மிதம்.

பணம் என்றதும் ஞாபகம் வந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரை ஜிஎஸ்டி 18 சதவீதம், அதைத் தாண்டினால் 40 சதவீதம். 650 எடுத்தால் அந்தச் சுமை உண்டு. உன்னால் முடியும் என்று எனக்குத் தெரியும், இருந்தாலும் கணக்குப் போட்டுக்கொள்.

தங்கச்சியைக் கேட்டாயா? இதைக் கேட்காமல் எனக்கு மனசு ஆறாது. உங்கள் இருவரின் ஞாயிற்றுக்கிழமைகள் அத்தனையும் அந்த தண்டர்பேர்ட் பின் சீட்டில்தான் போயின. ஸ்போர்ட்ஸ் பைக்கின் பின் சீட் சின்னதாக, உயரமாக இருக்கும், பிடித்துக்கொள்ளவும் சரியாக இருக்காது. 650இலும் அது பெரிய சொகுசு இல்லை, ஆனால் ஆர்சியைவிட எவ்வளவோ மேல். அவளையும் கூட்டிப்போய் உட்காரவைத்துப் பார். அவள் முகம் சுளித்தால் அந்த வண்டி வேண்டாம்.

ஷோரூமில் ஐந்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டு முடிவு செய்யாதே. ஹெல்மெட், ஜாக்கெட் எல்லாம் போட்டுக்கொண்டு அரை மணி நேரமாவது ஓட்டு, அதில் பாதி மோசமான ரோட்டில் இருக்கட்டும். முழங்காலால் டேங்கை இறுக்கிப் பிடி, முழங்கையைத் தளர்த்தி வை. வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, அதே நிலையில் உட்கார்ந்து இரண்டு கையையும் ஹேண்டில் பாரிலிருந்து ஒரு அங்குலம் தூக்கிப் பார். உடம்பு முன்னால் சரியாமல் நின்றால் அந்த வண்டி உனக்கு ஒத்துவரும். சரிந்தால், அந்தப் பாரத்தையெல்லாம் மணிக்கட்டுதான் சுமக்கப் போகிறது. வாங்கியதும் பின் ஷாக் அப்ஸார்பரை உன் எடைக்குத் தகுந்தபடி வைத்துத் தரச் சொல், முக்கால்வாசிப் பேர் இதைக் கேட்பதே இல்லை.

கடைசியாக ஒன்று, இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதே. நீ பின் பிரேக்கை மிதித்தே ஓட்டிப் பழகியவன். நீளமான குரூஸரில் பின் பக்கம் பாரம் அதிகம், அது அங்கே ஓரளவு வேலை செய்யும். ஸ்போர்ட்ஸ் பைக்கில் பிரேக் பிடித்தால் பாரம் முன் சக்கரத்துக்குப் போய்விடும், நிறுத்துவது முக்கியமாக முன் பிரேக்தான். பதற்றத்தில் பின் பிரேக்கை மட்டும் மிதித்தால், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் துடிக்கும், வண்டி நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போகும். காலி மைதானத்தில் முன் பிரேக்கைப் படிப்படியாக அழுத்திப் பழகு. கை அதற்குப் பழகும்வரை கொல்லிமலைப் பக்கம் போகாதே. எனக்கு நீ வேண்டும்டா.

இந்த ஞாயிற்றுக்கிழமை தங்கச்சியோடு கிளம்பி வா. அக்கா மகனிடம் சொல்லி வண்டியை வாங்கி வைக்கிறேன். காலையில் நீ ஓட்டு, மதியம் இங்கே சாப்பாடு. தண்டர்பேர்டை ஷோரூம் எக்ஸ்சேஞ்சில் தள்ளிவிடாதே, குண்டு அதைக் கேட்கிறான், அவனே விலை பேச உன்னைக் கூப்பிடுவான்.

உன்
மச்சான்